ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகள்

லேப்டாப்பில் ஒயரைச் சொருகியவன் அவன்தான். கோப்பைத் திறந்தவனும் அவன்தான். ஆகவே திரையில் வாராந்திர லாரி அட்டவணைக்குப் பதிலாக ஷேடு அண்ணனின் புகைப்படம் ஆள் உயரத்துக்கு வந்து நின்றபோது, பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று சுற்றிலும் பார்த்தும் பயனில்லாமல் போயிற்று.

படத்தில் ஷேடு அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு டைல்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி. அம்பு முடிகிற இடத்தில் கொட்டை எழுத்தில்: "ஏற்றுமேடைச் சோதனை. சராசரித் தாமதம் நாற்பது நிமிடம். பரிந்துரை: நீக்கலாம்."

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். கூட்ட அறையில் பதினோரு பேர். தலைமை அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு முறை வந்துபோகும் ஜி.எம். மேசையின் தலைமாட்டில். ஷேடு அண்ணன், அசல், இரண்டாவது நாற்காலியில். அன்றைக்கும் அவர் கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. அதை மெதுவாக மூக்குக்கு இறக்கி, திரையைப் படித்தார்.

"சாரி சார், ஃபைல் மாறிப்போச்சு. இது படிப்புக்காகப் பண்ணது," என்றான். சொன்ன கையோடு மூடியிருக்க வேண்டும். மூட ஒரு விரல் போதும். அவனிடம் பத்து இருந்தது.

"இரு, இரு," என்றார் ஜி.எம். "நம்ம கிடங்குதானே இது? அடுத்த ஸ்லைடு போடு."

போட்டான்.

பிற்பாடு வீட்டிலும் வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "ஜி.எம். சொன்னார், போட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வது அவன் வழக்கமாயிற்று. அதற்குப் பிறகு நடந்த பன்னிரண்டு நிமிடம் கதையில் வராது. மூன்றாவது நிமிடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். ஐந்தாவது நிமிடத்தில் கையில் பேனா முளைத்திருந்தது. ஏழாவது நிமிடத்தில், "இதை மதிப்புக் கூட்டாத பணின்னு சொல்லுவோம் சார்," என்று, ஏதோ தானே பெற்று வளர்த்த சொல் மாதிரி சொன்னான். அந்தப் பணியைப் பதினாறு வருஷமாகச் செய்துவந்தவர் மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவன் ஒரு டைல்ஸ் கிடங்கின் உதவி மேலாளர். நாற்பத்திரண்டு வயது. பேக்கிங் பிரிவு அவனுக்கு வைத்திருந்த பெயர் 'பார்ட் டைம்'. "என்ன பார்ட் டைம், இன்னிக்கு முழு நாள் இருப்பீங்களா?" என்று ஏற்றுமேடையில் ஒருவர் கேட்டால் இன்னும் நான்கு பேர் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பெயருக்குக் காரணம் அவன் படித்துவந்த பகுதி நேர எம்.பி.ஏ., அதாவது ஏற்கெனவே வேலையில் இருக்கிற, முடி கொட்டத் தொடங்கிய ஆட்களுக்கான எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.

அந்தப் படிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் அவன் செய்த காரியத்தின் முழு அழகும் விளங்காது. மொத்தம் இருபது மாதம், ஐந்து பருவம். வேலையை விட வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒரு வாரம் வெள்ளியும் சனியும் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை வகுப்பு. முதல் மூன்று பருவம் எல்லோருக்கும் ஒரே பாடம்: கணக்கு, சந்தை, மனிதவளம், செயல்பாடு. நான்காவதில் அவரவர் விருப்பப் பாடம், கூடவே ஒரு வாரம் வெளிநாட்டில் போய்த் தொழிற்சாலைகளை வேடிக்கை பார்ப்பது. கடைசிப் பருவத்தில், சொந்த நிறுவனத்தையே ஆராய்ந்து ஒரு திட்ட அறிக்கை. எண்பது சதவீத வருகை கட்டாயம். கல்யாணம், காய்ச்சல், சாவு எல்லாவற்றையும் மிச்சமுள்ள இருபதுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

சேரும்போது நிறுவனம் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் கடைசி வரிக்கு 'பதில் பணியாளர்' என்று பெயர். நீ வகுப்பில் இருக்கும் நாளில் உன் வேலையை யார் பார்ப்பார்? அவர் கையெழுத்து இல்லாமல் இடம் கிடையாது.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவன் கிடங்கு முழுக்கச் சுற்றினான். கிடங்குக்கு வெள்ளிக்கிழமைதான் பேய் நாள். சனி ஞாயிறில் தரை பதிக்கிற மேஸ்திரிகள் எல்லோருக்கும் வெள்ளி மாலைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். எந்த லாரி முன்னால், எது பின்னால் என்று பார்த்து, ஓட்டுநர்களோடும் மேஸ்திரிகளோடும் போனில் மல்லுக்கட்டுவது அவன் வேலை. படிவத்தைக் கண்டதும் ஒருவருக்கு இடுப்பு பிடித்தது, இன்னொருவருக்கு மகளின் பரீட்சை நினைவுக்கு வந்தது. ஷேடு அண்ணன் மட்டும், "எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"இருபது, அண்ணே."

"பேனா குடு."

ஷேடு அண்ணன் வேலை ஏற்றுமேடையில், ஒரு சின்ன மேசையில். ஒரே பெயர், ஒரே அளவு டைல்ஸ் என்றாலும் ஒவ்வொரு சூளைக்கும் நிறம் ஒரு நூல் மாறும். அதைத்தான் ஷேடு என்பார்கள். பெட்டிமேல் அதற்கு ஒரு எண் இருக்கும். எண் மாறிய பெட்டிகள் ஒரே வீட்டுக்குப் போனால் கூடத்துத் தரை ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். லாரி கிளம்புமுன் பெட்டி எண்களைச் சீட்டோடு ஒத்துப்பார்த்து, சந்தேகம் வந்தால் பிரித்து, வெளிச்சத்தில் இரண்டைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்து அனுப்புவார்.

மூன்றாவது பருவத்தில் செயல்பாடு பாடத்துக்கு ஒரு குழு வேலை வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவை யாரும் விருப்பப்படி அமைக்க முடியாது, கல்லூரிதான் பிரிக்கும். தொழில்கள் கலந்திருக்க வேண்டுமாம். அவன் குழுவில் ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி மேலாளர் அம்மா, மிச்ச இருவர் இறுதி ஸ்லைடில் பெயராக மட்டும் வருகிறவர்கள். யாராவது ஒருவரின் வேலையிடத்தில் ஒரு தாமதத்தைக் கண்டுபிடித்து, அளந்து, பரிந்துரை சொல்ல வேண்டும்.

"என் கிளினிக்கா? என் பேஷன்ட் தாமதத்துக்கு நான்தான் காரணம். அதை ஊருக்குச் சொல்லணுமா?" என்றார் பல் டாக்டர்.

"எங்க வங்கியில அனுமதி வாங்குறதுக்குள்ள நமக்குப் பட்டம் குடுத்துடுவாங்க," என்றார் வங்கி அம்மா.

"அப்ப நம்ம கிடங்கு," என்றான் அவன். விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

ஒரு புதன்கிழமை வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். வாயில் காவலாளியின் பதிவேட்டில் ஒவ்வொரு லாரியின் சோதனையும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று இருக்கும். மூன்று மாதப் பதிவில் லாரி அதிகம் போன பத்து நாட்களை எடுத்து, சராசரி போட்டார்கள். நாற்பது நிமிடம். சிவப்பு வட்டம் பல் டாக்டர் கைவண்ணம். "சொத்தையைக் கண்டா வட்டம் போடாம என்னால இருக்க முடியாது," என்று சிரித்தார். அவனும் சிரித்தான். படத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லையே, பெட்டிக்குள்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். பேராசிரியர் 'துணிச்சலான பரிந்துரை' என்று எழுதி முதல் தர மதிப்பெண் போட்டார். அது அத்தோடு போயிருக்கும். அந்தத் திங்கட்கிழமைதான் போகவிடவில்லை.

ஆறாவது வாரம் மேசையை எடுத்துவிட்டார்கள். ஷேடு அண்ணனை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்கட்டில், திரும்பி வந்த சரக்கைப் போட்டுவைக்கும் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். உடைந்தது எது, மறுபடி விற்கக்கூடியது எது என்று பிரித்துவைக்கிற வேலை.

இதில் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. பதில் பணியாளர் படிவம் இருபது மாதத்துக்குச் செல்லும். மேசை போனாலும் கையெழுத்து போகவில்லை. ஒன்றுவிட்ட வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஷேடு அண்ணன் கொட்டகையிலிருந்து நடந்து வந்து, அவன் மேசை முன்னால் நிற்பார்.

"நாளைக்கு லிஸ்ட் குடு தம்பி."

லிஸ்ட், போன், சாவி மூன்றையும் கொடுப்பான். "அண்ணே," என்று தொடங்குவான். "என்ன, வடக்குப் பக்க லாரி முதல்லயா?" என்பார் அவர். "ஆமாண்ணே," என்பான். அவ்வளவுதான். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால்கூட வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அவரோ வழக்கம்போல் சாவியை எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

மேசை போனது தன்னால்தானா? அவனுக்கு இது ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றாயிற்று. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

முதலில் மேனேஜரைக் கேட்டான். "அது மேலிடத்து முடிவுப்பா. உன் ஸ்லைடு வராட்டியும் என்னைக்காவது எடுத்திருப்பாங்க. எடுக்காமலும் இருந்திருப்பாங்க. யார் கண்டா?" என்று பூசி மெழுகினார்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரை வழிமறித்தான். அவர் கண்கள் மலர்ந்தன. "அருமையான கேள்வி. அடுத்த பருவத்துல நெறிமுறைன்னு ஒரு விருப்பப் பாடம் இருக்கு. அதை எடுங்க." எடுத்தான். அதில் யாரும் பதில் சொல்லவில்லை. குழுவாகப் பிரித்து விவாதிக்கச் சொன்னார்கள்.

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க," என்றார் வங்கி அம்மா. "யோசிக்காம இருந்தப்பதான் இது நடந்துச்சு," என்றான். அவர் தன் போனைப் பார்க்கத் தொடங்கினார். பல் டாக்டர், "வட்டம் போட்டது நான். பாதிப் பாவம் எனக்கு, போதுமா?" என்று முதுகில் தட்டினார். பாதியைக் கழித்தும் பாரம் குறையவில்லை.

கடைசியில் மனைவியிடம் வந்து நின்றான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஷேடு அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்குறது?"

"வாயாலதான்."

"அவர் என்ன நினைப்பார்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே கேக்கணும்?"

அவன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். அவள் குக்கர் சத்தத்தைச் சாக்கிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். கேட்கவில்லை அவன். ஒரு வியாழன் போயிற்று, இன்னொரு வியாழன் போயிற்று. ஒவ்வொரு முறையும் கேள்வியைத் தொண்டைவரை கொண்டுவந்து, மென்று முழுங்கி, சாவியைக் கொடுத்தான்.

ஐந்தாவது பருவம் வந்தது. திட்ட அறிக்கைக்கு அவன் எடுத்துக்கொண்டது தன் பழைய பரிந்துரையையே. அது பலித்ததா என்று அளந்து பார்ப்பது. நல்லெண்ணத்தில் எடுத்தான் என்று சொல்ல ஆசைதான். தரவு கையில் இருக்கிறது, வேலை மிச்சம் என்றுதான் எடுத்தான்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் பதிவேட்டின் நகல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். பழைய பத்து நாட்களை மறுபடி எழுதினான். போன தடவை சராசரியை மட்டும் பார்த்திருந்தான். இப்போது தேதிகளையும் பார்த்தான். பத்தும் வெள்ளிக்கிழமைகள். அதில் வியப்பில்லை, லாரி அதிகம் போகிற நாள் அதுதான். ஐந்து வெள்ளிகளில் சோதனைக்கு ஒரு லாரிக்குப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மற்ற ஐந்தில் எழுபது. இடையில் ஒன்றுமே இல்லை. பத்து, எழுபது, பத்து, எழுபது என்று ஏணிப்படி மாதிரி.

கல்லூரி நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுபது வந்த ஐந்தும் அவன் வகுப்பில் இருந்த வெள்ளிகள்.

அந்த நாட்களில் ஷேடு அண்ணன் ஒரு காதில் அவன் போனை வைத்துக்கொண்டு ஓட்டுநர்களைச் சமாளித்தபடி, ஒரு கையால் பெட்டி பிரித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் ஆகிற நேரம் அது. அவர்கள் அளந்தது மேசையின் தாமதம் இல்லை. அவன் இல்லாத தாமதம். அதை அளந்து, சராசரி போட்டு, அவர் தலையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். குழுவில் கிடங்கு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த வெள்ளிகளில் கிடங்கு எப்படி இருக்கும் என்று பார்த்திராதவனும் அவனேதான்.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சொன்னான். அவள் நாட்காட்டியையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாம்பிள் தப்புன்னா ரிசல்ட் தப்பு. எங்க லேப்ல இது முதல் நாள் பாடம். உங்களுக்கு எத்தனையாவது மாசம்?"

"பதினெட்டு."

"சரி. நாளைக்குப் போங்க," என்றாள். இந்த முறை கிண்டல் இல்லாமல்.

திங்கள் மதியம், சாப்பாட்டு இடைவேளை. கொட்டகை முன்பு பார்த்ததைவிட நிறைந்திருந்தது. சோதனை நின்ற பிறகு திரும்பி வருகிற பெட்டிகள் கூடியிருந்தன, கூரையைத் தொடுகிற அளவுக்கு. ஷேடு அண்ணன் ஒரு பழைய பெட்டிமேல் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கட்டியால் டைல்ஸ் முதுகில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. இன்னிக்குத் திங்கள்தானே? சாவி வியாழக்கிழமைல்ல?"

"சாவிக்கு வரலண்ணே."

"அப்ப உக்காரு. அந்த அடுக்குல உக்காராத, சரியும். இதுல உக்காரு."

உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். பத்து, எழுபது, பத்து, எழுபது. அவரும் விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எழுபதா? எனக்கு இன்னும் கம்மின்னு நெனப்பு," என்றார். "ஒரு வெள்ளி உன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு பாரு, எடுத்தா பல் டாக்டராம். உனக்கு ஏதோ பாடம் அனுப்பணுமாம். நான் ஷேடு நம்பரைச் சொல்லிட்டு வச்சுட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பட்டதால் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, அன்னிக்கு மீட்டிங்ல நாற்பதுன்னு ஸ்க்ரீன்ல வந்தப்பவே காரணம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "சொன்னா, வெள்ளிக்கிழமை ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. உன்னைக் காலேஜுக்கு விடமாட்டாங்க. பாவம், பையன் பாதில நிக்கிறான், கெடுக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன். வீட்டுல இப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். என் சம்சாரம்கூட, நீங்க பெரிய மனசுக்காரர்னு சொன்னா."

"அண்ணே—"

"அது பொய்ப்பா. கேக்க நல்லாருக்கும், அதனால சொன்னேன்."

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. ஓட்டுநர் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. இருவரும் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

"நான் மேனேஜர்கிட்ட இதைக் காட்டப் போறேன்," என்றான். "மேசையைத் திரும்பப் போடச் சொல்லப் போறேன். அறிக்கையிலயும் எழுதிட்டேன், என் கணக்குத்தான் தப்புன்னு."

"காட்டு. நல்லதுதான். போட்டாலும் போடுவாங்க, போடாட்டியும் போச்சு. அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்த?"

"இல்லண்ணே." தொண்டையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது எழுந்து வந்தது. "ஃபைல் தெரியாமதான் மாறிச்சு. ஆனா நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க. இது என்னாலதானா?"

ஷேடு அண்ணன் அவனை நேராகப் பார்த்தார். சோதனை மேசையில் இரண்டு டைல்ஸைச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார், அவசரமே இல்லாமல்.

"ஃபைல் யாருக்கும் மாறும். அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன். நீ லேப்டாப்பை மூடுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சாரி சொன்னப்பகூட, மூடிடுவான்னு நெனச்சேன். நீ எந்திரிச்சு நின்ன. பன்னிரண்டு நிமிஷம் பேசின, என் பக்கம் ஒரு தடவை திரும்பல. அப்பத்தான் எனக்கு வாயைத் திறக்கவே பிடிக்காமப் போச்சு." சுண்ணாம்புக்கட்டியை மறுபடி கையில் எடுத்தார். "ஆமா தம்பி. உன்னாலதான்."